அபாவமும் எச்சமும்



  பேச வந்த பொருள் பெரிது, தந்த நேரமோ சிறிது.

தருக்கம் பயிற்றுவோரோடும், சட்டம் பயிற்றுவோரோடும், மண்ணில் நஞ்சு மக்கும் வகையை ஆராய்வோரோடும் எனக்குப் பல்லாண்டுகளாக ஒரு வழக்கு நடந்துவருவதை இம்மன்றத்தில் பலர் அறிவீர்கள். அவ்வழக்கின் எதிர்க்கட்சியினர் சிலர் முன்வரிசையிலேயே அமர்ந்திருப்பதையும் காண்கிறேன். வழக்கு இதுதான்: ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லை என்று சொல்வதற்கு நமக்கு எப்போது உரிமை பிறக்கிறது? இது நியாய சாஸ்திரத்தார் என்றோ தீர்த்துவைத்த பழைய வினா என்று முதல் துறையினரும், கருவி காட்டும் எண்ணே போதும் என்று மூன்றாம் துறையினரும், நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைத் தீர்த்துவிட்டால் வினாவே எழாது என்று சட்டத்தாரும் சொல்லிவருகிறார்கள். மூவரும் தத்தம் எல்லைக்குள் உண்மையே சொல்கிறார்கள். எல்லையைக் கடக்குமிடத்தில்தான் தவறுகிறார்கள்.

நியாய சாஸ்திரத்தாராகிய நையாயிகர், அபாவம் எனப்படும் இன்மையை வெறும் வெறுமையாகக் கொள்ளவில்லை. தரையிற் குடமில்லை என்னும்போது, இல்லாத பொருளாகிய குடம் பிரதியோகி. இன்மைக்கு இடமாகிய தரை அநுயோகி. இவ்விரண்டையும் சுட்டாத இன்மைக் கூற்று அவர்கள் கணக்கிற் கூற்றே ஆகாது. மேலும், காணாமை இன்மைக்குச் சான்றாக வேண்டுமாயின், பொருள் அங்கிருந்திருந்தால் அது காணப்பட்டே இருக்கும் என்னும் யோக்கியதை வேண்டும். இருட்டறையிற் குடத்தைக் காணாதவன் குடமில்லை என்று சாதிக்க முடியாது. தூணிற் பிசாசைக் காணாதவனும் அவ்வாறே, ஏனெனில் பிசாசு கண்ணுக்குப் புலப்படும் இனத்ததன்று. மீமாம்சையில் குமாரிலர் வழிவந்தோர் இன்மையை அறியும் இவ்வழியைத் தனிப் பிரமாணமாக்கினர். நையாயிகர் காட்சியின் கிளையாக்கினர். அந்தப் பிணக்கு நமக்கு இன்று வேண்டுவதில்லை. மணிமேகலையின் அளவைப் பட்டியலிலும் அபாவம் இடம்பெற்றிருப்பதை மட்டும் தமிழ்த் துறையினரின் பொருட்டு நினைவூட்டி, என் உதாரணத்துக்கு வருகிறேன்.

காசர்கோட்டின் செம்புரைக்கல் மேடுகளில், கேரளத் தோட்டக் கழகத்துக்கு உரிய ஏறத்தாழ 4,700 ஹெக்டேர் முந்திரித் தோட்டங்களில், தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிக்கும் பொருட்டு, எழுபதுகளின் பிற்பகுதி தொட்டு 2000 வரை, ஆண்டுக்கு இருமுறை மும்முறையாக எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லி ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. தோட்டங்களுக்கு இடையிலும் சரிவுகளிலும் வீடுகள். மலையைக் கிடையாகக் குடைந்த சுரங்கங்களிலிருந்து ஒழுகும் நீரே பல வீடுகளுக்குக் குடிநீர். என்மகஜே ஊராட்சியைச் சேர்ந்த பட்ரே முதலிய ஊர்களில், பிறவி ஊனங்களும், நரம்பு நோய்களும், வளர்ச்சிக் குறைகளும் கண்ணுக்குத் தட்டுப்படும் அளவில் பெருகியதை உள்ளூர் மருத்துவரும் பத்திரிகையாளரும் எழுதினர். 2001-இல் தில்லியைச் சேர்ந்த அறிவியல் சுற்றுச்சூழல் மையம் நீரிலும் குருதியிலும் மிகுந்த எச்சத்தைக் கண்டதாக அறிவித்தது. தோட்டக் கழகம் ஏற்பாடு செய்த ஆய்வோ குருதியில் எண்டோசல்பான் காணப்படவில்லை என்றது. அன்று தொட்டு என் சகாக்கள் இரு அணியாகப் பிரிந்து, எந்த ஆய்வு மெய், எது பொய் என்று வாதிட்டனர். நான் கேட்டது வேறு: காணப்படவில்லை என்ற வாக்கியத்தின் பிரதியோகி எது, அநுயோகி எது, யோக்கியதை எங்கே?

முதலிற் பிரதியோகி. வணிக எண்டோசல்பான் ஆல்பா, பீட்டா என்னும் இரு சமச்சேர்மங்கள் ஏறத்தாழ ஏழுக்கு மூன்று என்னும் வீதத்திற் கலந்தது. மண்ணிலுள்ள பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதனை உயிர்வளியேற்றம் செய்து எண்டோசல்பான் சல்பேட் ஆக்குகின்றன. இந்தச் சல்பேட் நச்சுத்தன்மையில் தாய்ப்பொருளுக்கு ஏறக்குறைய இணையானது. நிலைத்திருப்பதில் அதனை விஞ்சுவது. ஆகவே ஆல்பாவும் பீட்டாவும் குறைந்ததை மட்டும் அளந்து மக்கிவிட்டது என்று எழுதுபவர், தாய்ப்பொருளின் அபாவத்தை நஞ்சின் அபாவமாக மாற்றி எழுதுகிறார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தாய்ப்பொருளையும் சல்பேட்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 9 மாதத்திலிருந்து 6 ஆண்டு வரை விரிந்தது.

அடுத்து அநுயோகி. எண்டோசல்பான் நீரில் விரைந்து சிதையும் என்பது அக்காலத்தில் அடிக்கடி ஓதப்பட்ட சமாதானம். காரம் மிகுந்த நீரில், பி.எச். 9 அளவில், அது சில மணிநேரத்திற் பாதியாகி, நச்சுக் குறைந்த டையோலாக மாறுவது உண்மையே. நடுநிலை நீரில் அதற்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும். அமிலம் மிகுந்த பி.எச். 5 நீரிலோ இருநூறு நாளைத் தாண்டும். காசர்கோட்டின் செம்புரை மண் அமிலத்தன்மை வாய்ந்தது என்பதைப் பயிர்நூல் பயிலும் முதலாண்டு மாணவனும் அறிவான். அன்றியும் இந்நஞ்சு நீரிற் கரைவதினும் மண்துகளையும் படிவையும் பற்றிக்கொள்வதையே விரும்புவது. தெளிந்த நீரை மட்டும் முகந்து சோதித்து, அதன் அடியிற் கிடக்கும் சேற்றைச் சோதியாது விடுபவர், நீரில் இல்லை என்று சொல்லலாம். ஊரில் இல்லை என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை.

இனி யோக்கியதை. காணப்படவில்லை என்னும் சொற்கள் அச்சேறும் ஒவ்வோர் அட்டவணையிலும், எந்த அளவுக்குக் கீழே கருவியாற் காண இயலாது என்பதும், தெளிப்பு நின்று எத்தனை நாள் கழித்து மாதிரி எடுக்கப்பட்டது என்பதும் உடன் அச்சேறாவிட்டால், அந்தக் கட்டம் தூணிற் பிசாசில்லை என்பதற்கு மேல் எதையும் உணர்த்தாது. இதனைச் சரியாகச் செய்ய முடியும் என்பதற்கு அதே பட்ரேயில் சான்று உண்டு. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தார், தெளிப்புக்கு ஆளான ஊரின் 117 சிறுவரையும், ஆளாகாத ஊரின் 90 சிறுவரையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இரு சமச்சேர்மங்களோடு சல்பேட்டையும் சேர்த்தே எண்ணினர். குருதிநீரிற் சராசரி 7.47-க்கு 1.37 பி.பி.பி. என்று வந்தது, பருவமெய்துதலில் தாமதமும் தென்பட்டது. பிரதியோகியைச் சரியாக வரையறுத்தவர்க்குப் பொருள் தட்டுப்பட்டது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மறுதரப்பு நண்பர்களையும் நான் விட்டுவைப்பதற்கில்லை. அவ்வட்டாரத்தில் தோன்றிய ஒவ்வொரு நோயையும் இந்த ஒரு நஞ்சின் கணக்கில் எழுதுவது வியாப்தி, அதாவது மாறாத உடனிகழ்ச்சி, இல்லாத அனுமானம். கருணை அதற்குக் காரணமாகலாம், ஹேது என்னும் சான்றாகாது. இதைச் சொன்னமைக்காக ஒரு கருத்தரங்கில் என்னைத் தோட்டக் கழகத்தின் ஆள் என்றார்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். பாலாற்றை மாசுபடுத்திய தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996-இல், உச்சநீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை ஏற்று, தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பைத் தொழில் நடத்துவோர் மீது வைத்தது. 1999-இல் அதே நீதிமன்றம் விசாரித்த நாயுடு வழக்கில் நீதிபதி ஜகன்னாத ராவ் அதனை மேலும் விளக்கினார். இதனோடு வினா தீர்ந்தது என்பது என் சட்ட நண்பர்களின் நிலை. ஆனால் அறிவு கிட்டாதபோது யார் தோற்பது என்பதையே பொறுப்பு நிர்ணயிக்கிறது. எது அறிவு என்பதை அது நிர்ணயிப்பதில்லை. ஆலைக்காரர் காணப்படவில்லை என்னும் ஒரு தாளைக் கொணர்ந்து தம் பொறுப்பை இறக்கிவைக்க முடியுமானால், தோள் மாறியதால் ஊராருக்கு என்ன ஆதாயம்? காசர்கோட்டு விவகாரத்தில் தேசிய மனித உரிமை ஆணையம் 2010 டிசம்பர் இறுதியில், இறந்தோர் குடும்பத்துக்கும் முற்றும் படுக்கையானோர்க்கும் 5 லட்சம் ரூபாய், பிற ஊனமுற்றோர்க்கு 3 லட்சம் ரூபாய் என்று பரிந்துரைத்தது. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை எண்டோசல்பானை விலக்குப் பட்டியலிற் சேர்த்தது. மே 13-இல் உச்சநீதிமன்றம் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் பயன்பாட்டையும் தடுத்தது. 2017 ஜனவரியில் மூன்று மாதத்துக்குள் இழப்பீடு வழங்கப் பணித்தது. வாழ்வுரிமையைக் கூறும் 21-ஆம் பிரிவின் நிழலில் நிகழ்ந்த இவை பாராட்டுக்குரியன. எனினும், இன்மைக்குச் சான்று எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்ற வினா இவற்றுக்குப் பின்னும் திறந்தே கிடக்கிறது.

தலைவர் கடிகாரத்தை நோக்குகிறார். எஞ்சியவற்றைத் தலைப்பளவிற் சொல்லிச் செல்கிறேன். மக்கும் நெகிழிக்கு வழங்கப்படும் சான்றிதழ்கள் 58 பாகை வெப்பமுள்ள உரக்கூடத்தில் ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு கரிவளியாகும் என்பதையே பெரும்பாலும் காட்டுகின்றன. அந்த அநுயோகி நம் ஊர்க் குளக்கரையன்று. இதைத் தனி நூலாக யாரேனும் எழுத வேண்டும். நீதிமன்றங்களில் தாக்கலாகும் ஆய்வறிக்கைகளில் இன்மைக் கூற்றுகளை மட்டும் தொகுத்து, பிரதியோகி சுட்டப்பட்டவை எத்தனை, சுட்டப்படாதவை எத்தனை என்று ஒரு முனைவர்பட்ட மாணவர் வகைப்படுத்தலாம். அதற்குச் சட்டத்துறையும் தத்துவத்துறையும் சேர்ந்து வழிகாட்ட இசைய வேண்டும், இதுவரை இசைந்ததில்லை. 2022-இல் ஐ.நா. பொதுச்சபை தூய சுற்றுச்சூழலை மனித உரிமையாக ஏற்ற தீர்மானத்துக்கும் இந்த விவாதத்துக்கும் உள்ள தொடர்பு ஆராயத் தக்கது. பிராகபாவம், அதாவது தெளிப்புக்கு முன் இருந்த நிலை, எங்குமே அளக்கப்படாதது பற்றி எழுதிய ஒரு கட்டுரை என்னிடம் அரைகுறையாக உள்ளது. விரும்புவோர் கேட்டால் படி எடுத்துத் தருகிறேன்.