கொள்ளைநோயும் ஆட்சியும்

குடிகளின் உயிரைக் காத்தல் அரசின் கடன். ஆனால், அக்கடனைச் செய்யும் அரசு அவர்தம் வாழ்வில் எதுவரை தலையிடலாம்? கொள்ளைநோய் பரவும் காலந்தோறும் இவ்வினா புது வடிவிற் பிறக்கின்றது.

பிரான்சிய அறிஞர் மிசேல் பூக்கோ 1975இல் வெளியிட்ட நூலிலும், 1978இல் நிகழ்த்திய விரிவுரைகளிலும் மூன்று நோய்களைக் கொண்டு மூன்று ஆட்சிமுறைகளை விளக்கினார். மத்தியகால ஐரோப்பா தொழுநோயாளரை ஊருக்கு வெளியே ஒதுக்கியது. இது விலக்கும் ஆட்சி. பிளேக்கு நோய் கண்ட நகரிலோ வீடுகள் பூட்டப்பட்டன. வீதிகளிற் காவலர் நின்றனர். பெயர் கூறி அழைக்கும்போது ஒவ்வொருவரும் யன்னலருகே தோன்றவேண்டும். இது கண்காணிக்கும் ஆட்சி. பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்தும் முறை பரவியபோது மூன்றாவது முறை தோன்றியது. குத்துவதனாலேயே சிலர் இறத்தலும் உண்டு. எனினும், அதனாற் சராசரி ஆயுள் ஏறக்குறைய 3 ஆண்டு கூடும் என 1760இல் தானியல் பேணூலி என்னும் கணித அறிஞர் கணித்துக் காட்டினார். இது கணக்கிடும் ஆட்சி.

2020இற் கொரோனா நோய் பரவியபோது இம்மூன்றும் ஒருங்கே வந்தன. அவ்வாண்டு பெப்ரவரியில், இத்தாலியில் இறந்தோர் தொகை மிகச் சிறிதாயிருந்த வேளையில், அந்நாட்டுத் தத்துவஞானி ஜோர்ஜியோ அகம்பென் அரசின் தடைகளைக் கண்டித்து எழுதினார். நெருக்கடியைக் காரணங்காட்டி அரசு பெறும் அதிகாரம் நெருக்கடி தீர்ந்த பின்னரும் நீங்காது என்பது அவர் அச்சம்.

அவருக்கு மறுமொழி கூறியவர், நெடுநாள் நண்பரான பிரான்சியத் தத்துவஞானி ஜோன் லுக் நான்சி. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான்சிக்கு மாற்று இருதயம் பொருத்த வேண்டுமென வைத்தியர் கூறியபோது, அதனைக் கேளாதிருக்குமாறு அறிவுரை கூறியவர் அகம்பென். அதனைக் கேட்டிருந்தால் அன்றே உயிர் நீங்கியிருக்கும் என்பதை நான்சி நினைவூட்டினார். அடுத்த மாதமே பெர்காமோ நகரிலிருந்து இராணுவ வண்டிகள் சவப்பெட்டிகளைச் சுமந்து சென்றன.

நான்சியின் மறுமொழி வென்றது எனலாம். ஆயினும், அகம்பெனின் வினா மடிந்துவிடவில்லை. இறந்தோரை ஈமச்சடங்கின்றி அனுப்பிய சமூகம், உயிரோடிருத்தலுக்கு அப்பால் எதனைப் போற்றுகின்றது என அவர் பின்னரும் கேட்டார்.

ஆகவே, தடை விதிக்கும் அரசு இரண்டுக்கு விடை கூறவேண்டும்: இத்தடை யார் உயிரைக் காக்கும்? இது என்று நீங்கும்? முதலாவதற்கு விடை கூறி இரண்டாவதை மறைக்கும் அரசு உயிரைக் காக்கலாம். வாழ்வைக் காக்குமோ என்பது ஐயமே.