நினைவக அட்டையும் பொருத்தியும்



மணவறையில் தாலி கட்டும் கணம் ஒருமுறைதான் வரும். எண்பது வயது கடந்த முதியவர் ஒருவர் தாம் பிறந்து வளர்ந்த ஊரின் பழைய கதைகளைச் சொல்லிவைக்கும் வாய்ப்பும் பெரும்பாலும் ஒருமுறைதான் கிட்டும். இவற்றைப் படம்பிடிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் வீடியோக் கலைஞர், கமராவின் வில்லையிலும் விளக்குகளிலும் மிகுந்த கவனம் செலுத்துகின்றார். ஆயினும் அவர் பிடித்த காட்சிகள் யாவும் இறுதியிற் சென்று தங்குவது தபால் முத்திரையளவே உள்ள ஓர் அட்டையிலாகும். அந்த அட்டைக்கும் கமராவுக்கும் இடையே சில வேளைகளில் இன்னொரு சிறு பொருள் வந்து நிற்கின்றது. அதுவே அடாப்டர் எனப்படும் பொருத்தி. அதனை நம்பத்தகுந்த முறையிற் பயன்படுத்துவது எவ்வாறு என்பது பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

பொருத்தியின் தேவை எவ்வாறு எழுந்தது என்பதை முதலில் நோக்குவோம். நெடுங்காலமாக வீடியோ கமராக்கள் காந்த நாடாவிலேயே பதிவு செய்து வந்தன. 2004 ஆம் ஆண்டில் பனசொனிக் நிறுவனத்தார் பி2 என்னும் நினைவக அட்டையைத் தொழில்முறைக் கமராக்களிற் புகுத்தினர். 2007 ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தார் இ.எக்ஸ்.1 என்னும் கமராவை வெளியிட்டபோது, எஸ்.எக்ஸ்.எஸ். என்னும் வேறோர் அட்டையைச் சான்டிஸ்க் நிறுவனத்துடன் கூடி அமைத்தனர். இவை விரைவானவை, உறுதியானவை. ஆனால் இவற்றின் விலை, சாதாரண எஸ்.டி. அட்டையின் விலையைப்போற் பல மடங்காக இருந்தது. கமராவை வாங்கிக் களைத்துப்போன சிறு கலையகத்தாருக்கு அட்டை வாங்குவது இரண்டாவது சுமையாயிற்று.

இந்நிலையிற் பயனாளர் சிலர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். எஸ்.எக்ஸ்.எஸ். அட்டையின் உருவம் மடிக்கணினிகளில் அக்காலத்தில் வழங்கிய எக்ஸ்பிரஸ் கார்ட் என்னும் நியமத்தைச் சார்ந்தது. மடிக்கணினியில் எஸ்.டி. அட்டையைப் படிப்பதற்கென விற்கப்பட்ட மலிவான பொருத்தியை இக்கமராவிற் செருகிப் பார்த்தபோது, கமரா அதனை ஏற்றுப் பதிவும் செய்தது. பின்னர் இக்கமராவுக்கென்றே தனிப் பொருத்திகள் செய்யப்பட்டன. ஈற்றில் சோனி நிறுவனத்தாரும் தமது கமராவின் உள் மென்பொருளைத் திருத்தி, தாமே ஒரு பொருத்தியை வெளியிட்டனர்.

இங்கே நாம் தெளிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. பொருத்திகள் இருவகைப்படும். மைக்ரோ எஸ்.டி. அட்டையை எஸ்.டி. அட்டையின் அளவுக்குப் பெரிதாக்கும் பொருத்தி முதல்வகையைச் சேர்ந்தது. அதனுள்ளே மின்கடத்தும் மெல்லிய உலோகத் தகடுகளன்றி வேறெதுவும் இல்லை. ஒரு மொழியைப் பேசுவோர் இருவருக்கிடையே உள்ள கதவு போன்றது அது. எக்ஸ்பிரஸ் கார்ட் பொருத்தியோ இரண்டாம் வகையினது. அதனுள்ளே ஒரு மின்சுற்று அமர்ந்து, எஸ்.டி. அட்டையின் மொழியைக் கமரா அறிந்த மொழிக்கு மாற்றிக் கொடுக்கின்றது. அது கதவன்று, மொழிபெயர்ப்பாளர் ஆகும். மொழிபெயர்ப்பாளர் திணறினால், பேசுபவரும் கேட்பவரும் எத்துணைத் திறமையுடையோராயினும் செய்தி சிதைந்துவிடும்.

மேலும், எக்ஸ்பிரஸ் கார்ட் செருகுமிடத்தில் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் பெருந்தெரு, மற்றையது யூ.எஸ்.பி. என்னும் ஒழுங்கை. எஸ்.எக்ஸ்.எஸ். அட்டை பெருந்தெருவாற் செல்வது. எஸ்.டி. அட்டைக்கான பொருத்திகளோ ஒழுங்கையாலேயே சென்றன. ஒழுங்கையாற் செல்வது தவறன்று. எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பதை அறியாமற் செல்வதே தவறு.

அப்பாரத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். இ.எக்ஸ்.1 கமரா தனது உயர்தரப் பதிவில் செக்கனுக்கு 35 மெகாபிட்டு வரை எழுதுகின்றது. 8 பிட்டு சேர்ந்தது ஒரு பைட்டு. ஆகவே இது செக்கனுக்கு ஏறத்தாழ 4.4 மெகாபைட்டு ஆகின்றது. எஸ்.டி. அட்டையில் 6 என்னும் வகுப்பு எண் காணப்பட்டால், செக்கனுக்குக் குறைந்தது 6 மெகாபைட்டு எழுதவல்லது என்பது பொருள். எனவே சாதாரணப் பதிவுக்கு அது போதும். ஆனால் அதே கலைஞர் மெதுவசைவுக் காட்சியொன்றை எடுக்க விரும்பி, செக்கனுக்கு 24 சட்டகங்களாகக் காட்டப்பட வேண்டியதை 60 சட்டகங்களாகப் பதிவு செய்கின்றார் என்க. பாரம் இரண்டரை மடங்காகின்றது. செக்கனுக்கு ஏறத்தாழ 11 மெகாபைட்டு எழுத வேண்டியதாகின்றது. 10 என்னும் வகுப்பு எண்ணுள்ள அட்டைகூட அவ்வளவுக்கு உறுதி கூறுவதில்லை. ஆதலால் இத்தகைய பதிவு இடைநடுவே தடைப்படக்கூடும்.

இடைநடுவே என்று கூறியதற்குக் காரணம் உண்டு. கமராவினுள் ஒரு தற்காலிக நினைவகம் இருக்கின்றது. அட்டை சற்றுப் பின்தங்கும்போது காட்சிகள் அங்கே காத்து நிற்கும். அது நிரம்பி வழியும்வரை வெளியே எவ்விதக் குறையும் தோன்றாது. இதனாலேயே கடையில் நின்று பத்துச் செக்கன் பதிவு செய்து பார்த்து, நன்றாக வேலை செய்கின்றது என்று முடிவு செய்வது பேதைமையாகும். குறுகிய பரீட்சை ஏமாற்றும். நீண்ட பரீட்சையே உண்மையைச் சொல்லும்.

சிறிய அட்டை இழிவானது என்று எவரும் கருதிவிடலாகாது. தொடக்ககாலப் பி2 அட்டையின் உள்ளே நான்கு எஸ்.டி. நினைவகங்களே ஒருங்கிணைத்து வைக்கப்பட்டிருந்தன. நான்கும் ஒருசேர உழைத்தமையால் விரைவு கிடைத்தது. எனவே குறை அட்டையின் இனத்தில் இல்லை. அதற்கு நாம் கொடுக்கும் பணியிலும், இடையிலுள்ள இணைப்பிலுமே இருக்கின்றது.

இனி, நடைமுறைக்கு உரிய சில விதிகளைக் கூறுகின்றேன்.

முதலாவதாக, அட்டையின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. அது பெரும்பாலும் படிக்கும் வேகத்தின் உச்ச அளவு. வீடியோவுக்கு வேண்டியது எழுதும் வேகத்தின் குறைந்த அளவு. வட்டத்தினுள் உள்ள வகுப்பு எண்ணும், புதிய அட்டைகளில் வி30, வி60, வி90 எனக் காணப்படும் குறிகளுமே அதனைத் தெரிவிப்பன.

இரண்டாவதாக, வாங்கிய அட்டையை ஒருமுறை முழுமையாக நிரப்பிப் பரீட்சித்தல் வேண்டும். 32 ஜிகாபைட்டு அட்டை மேற்கூறிய கமராவில் ஏறத்தாழ 100 நிமிடம் பிடிக்கும். முதலாம் அட்டை நிரம்பிப் பதிவு இரண்டாம் அட்டைக்குத் தாவும் இடத்தை மீண்டும் ஓட்டிப் பார்த்து, காட்சியும் ஒலியும் தொடர்ச்சியாக உள்ளனவா என்பதைக் கவனிக்க வேண்டும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி அட்டைகளும் சந்தையில் உலவுகின்றன. முழுமையாக நிரப்பித் திரும்பப் படித்தால் அப்பொய் வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவதாக, பரீட்சையில் தேறிய அட்டையையும் பொருத்தியையும் ஒரு சோடியாகக் கொண்டு, இரண்டிலும் ஒரே இலக்கத்தை எழுதி வைத்தல் நன்று. படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் அவற்றைப் பிரித்து மாற்றிச் செருகுவதால் தொடுகைகள் தேய்வதோடு தூசியும் வியர்வையும் படியும். கமராவின் மூடி பொருத்தியின்மேல் முற்றாக மூடுகின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பொருத்தி ஒரு சிறு இடிபட்டாலும் தொடர்பை இழக்கும். எஸ்.டி. அட்டையின் ஓரத்திலுள்ள எழுத்துத் தடைப் பூட்டு தளர்ந்திருப்பின், செருகும்போதே அது நகர்ந்து பதிவைத் தடுத்துவிடும்.

நான்காவதாக, அட்டையை எப்பொழுதும் அதே கமராவிலேயே துடைத்துத் தயார் செய்ய வேண்டும்; கணினியில் அன்று. கமரா எழுதிக்கொண்டிருப்பதை உணர்த்தும் விளக்கு அடங்கும்வரை அட்டையைத் தொடலாகாது. பிரதி எடுக்கும்போது காட்சிக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்தல் தவறு. இ.எக்ஸ்.1 கமரா பி.பி.ஏ.வி. என்னும் கோப்புறையில் காட்சிகளையும் அவற்றுக்குரிய விவரங்களையும் சேர்த்தே வைக்கின்றது. அக்கோப்புறையை முழுமையாக இரண்டு இடங்களிற் பிரதி செய்து, திறந்து பார்த்த பின்னரே அட்டையை அழித்தல் வேண்டும்.

அட்டைகளின் பெயர்கள் மாறிக்கொண்டே வருகின்றன. ஆயினும் இக்கோட்பாடு மாறவில்லை. எக்ஸ்.கியூ.டி. அட்டையும் சி.எஃப். எக்ஸ்பிரஸ் பி வகை அட்டையும் உருவத்தில் ஒன்றே. ஆனால் மென்பொருள் திருத்தம் பெறாத பழைய கமரா புதிய அட்டையை அறியாது. சி.ஃபாஸ்ட் செருகுமிடத்திற் கணினியின் எஸ்.எஸ்.டி. நினைவகத்தை இணைக்கும் பொருத்திகளும் வழங்குகின்றன. இரண்டும் சாட்டா என்னும் ஒரே மொழியைப் பேசுவதால் அங்கே மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. கம்பியின் உறுதியே கவனிக்கத்தக்கது. எப்பொருத்தியைக் கையில் எடுத்தாலும், இது கதவா, மொழிபெயர்ப்பாளரா என்று வினவுதல் வேண்டும்.

நேயர்களே, பணத்தைச் சேமிப்பது குற்றமன்று. நன்கு பரீட்சிக்கப்பட்ட பொருத்தியைக் கொண்டு பல ஆண்டுகள் செம்மையாகத் தொழில் செய்தோர் உளர். ஆனால் பொருத்திக்குரிய பரீட்சையை நாம் நம் வீட்டில், நமது நேரத்தில் நடத்த வேண்டுமேயன்றி, பிறருடைய மணவறையில் நடத்தலாகாது. மெதுவசைவு போன்ற கடும்பணிகளுக்குக் கமராவுக்குரிய மூல அட்டையையே வைத்துக்கொள்க. மீண்டும் நிகழாத நிகழ்ச்சிகளுக்கு, இயலுமாயின், இரண்டு அட்டைகளில் ஒரே வேளையில் எழுதும் கமராவையோ இரண்டாவது கமராவையோ துணைக்கு வைத்துக்கொள்க. ஏனையவற்றுக்குப் பொருத்தி போதும். பதிவு தவறிய பின் அட்டையின் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த முதியவரின் குரலைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது.