மூத்திரப்பைப் புற்றும் தலையெழுத்தும்



மூத்திரப்பையில் புற்று என்று டாக்டர் சொன்னவுடனே, "இனி அவன் தலையெழுத்து" என்று வீட்டார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து விடுகிறார்கள். இந்த எழுத்தை எழுதியது யார் என்று கேட்கின்றோம். 1895-ம் வருஷத்தில் ஜர்மனியில் பிராங்பர்ட் நகரத்து டாக்டர் லுட்விக் ரேன் என்பவர், சாயத் தொழிற்சாலைக் கூலிகளுக்கு இவ்வியாதி வருவதை எடுத்துக் காட்டினார். பிரம்மா சாயக்கூலிகளின் தலையாகப் பார்த்தா எழுதினார்? இன்றைக்கோ, இந்நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் புகையிலைப் புகையே காரணமென்று தெரிந்திருக்கிறது.

சரி, வந்தவர் பிழைப்பாரா என்றால், ஜாதகத்தைப் புரட்ட வேண்டாம். புற்று பையின் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. நாலில் மூன்று பேருக்கு, கண்டுபிடிக்கும்போது அது சுவரின் சதையைத் தொட்டிருப்பதில்லை. மூத்திரத் துவாரத்தின் வழியாகவே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்து விடுகிறார்கள். ஆனால் மறுபடியும் முளைக்கும் சுபாவமுள்ளது. அதற்காகக் குழந்தைகளுக்கு க்ஷயரோகத் தடுப்பாகக் குத்துகிற அதே பி.சி.ஜி.யைப் பைக்குள் செலுத்துகிறார்கள். 1976-ல் கனடாவில் மொராலிஸ் என்ற டாக்டர் வெளியிட்ட முறை இது. சதைக்குள் இறங்கிவிட்டாலோ, மருந்து கொடுத்துப் பையையே அறுத்தெடுக்க வேண்டும். சிலருக்கு மருந்தும் கதிர் சிகிச்சையுமாகப் பையைக் காப்பாற்றுவதும் உண்டு.

அமெரிக்கக் கணக்குப்படி, மற்றக் காரணங்களால் சாவதை நீக்கிப் பார்த்தால், ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடிருப்போர், உள்தோலோடு நின்றவர்களில் 100-க்கு சுமார் 97; பையளவில் நின்றவர்களில் 70; அக்கம்பக்கம் பரவினால் 40; தூரத்து உறுப்புகளுக்குப் போய்விட்டால் பத்துக்கும் கீழே.

ஜோசியனும் வருஷம் சொல்லுகிறான், டாக்டரும் சொல்லுகிறார், என்ன பேதம் என்று பக்தர்கள் கேட்கலாம். டாக்டர் கணக்கு செத்தவரையும் பிழைத்தவரையும் எண்ணி எடுத்தது. கூட்டத்தின் கணக்கேயல்லாமல், ஒருவருக்கு நாள் குறித்ததல்ல. மருந்து மாறினால் அதுவும் மாறும். முற்றிப் பரவியவர்களுக்கு இரண்டு புது மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில், பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம் 16 மாதத்திலிருந்து 31 மாதத்துக்கு மேல் போயிற்றென்று 2023-ல் தெரிவித்தார்கள். எந்த ஜாதகம் இப்படித் திருத்தப்பட்டது?

ஆனால் நாள் கடத்தினால் எந்த மருந்துக்கும் கஷ்டமே. மூத்திரத்தில் ரத்தம் வலியில்லாமல் வரும், தானே நின்றுவிடும். "சூடு" என்று இளநீர் குடித்து, சாமிக்கும் வேண்டிக் கொள்வார்கள். நின்ற ரத்தம் சாமி கணக்கில் சேர்ந்துவிடும். புற்று உள்ளேயே இருக்கும். பெண்களுடைய சங்கதி இன்னும் மோசம். மாதவிடாயென்று வீட்டாரும், நீர்த்தாரைப் புண்ணென்று சில டாக்டர்களுமே தள்ளிவிடுவதால், அவர்களில் அநேகருக்கு முற்றிய பிறகே தெரியவருகிறது.