கடைசி வரிசைச் சிரிப்பு



சின்னக்கானல் என்ற பெயரை உங்களுள் பலர் 2023 ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகக் கேட்டிருப்பீர்கள். கடைகளுக்குள் புகுந்து அரிசியைத் தின்று பழகிய அரிக்கொம்பன் என்னும் காட்டு யானையை அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் அங்கே பிடித்து, பெரியாற்று வனத்தில் கொண்டுபோய் விட்டனர். அதுவோ, எந்த மாநிலம் என்று பாராமல் கம்பம் நகருக்குள் இறங்கி வந்துவிட்டது. எல்லை பாராமல் நடந்ததில் அந்த யானைக்கும் எங்களுக்கும் அதிக வேறுபாடில்லை. இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்குச் செல்லும் பாதையில் அமைந்த ஊர் அது. தேயிலையும் ஏலமும் விளையும் அந்தச் சரிவுகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 1956 இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அம்மலைப் பகுதி கேரளத்தோடு நின்றது. மக்கள் தாம் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

நான் இன்று பேச வந்தது யானையைப் பற்றியன்று. பள்ளிக்கூடத்தில் எவரோடும் ஒட்டாத பிள்ளைகளைப் பற்றி எடுக்கப்பட்ட இரண்டு நகைச்சுவைத் திரைப்படங்களைப் பற்றி. அதற்கு முன் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும்.

கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ்வழிப் பாடநூல்களும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வையும் தமிழில் எழுதலாம். எனினும் என் தந்தையார், பிழைக்கும் வழி மலையாளத்தில்தான் இருக்கிறது என்று கருதி, தமிழில் தொடக்கக் கல்வியை முடித்த என்னை ஒரு மலையாளப் பள்ளியில் சேர்த்தார். ஆடி மாதம், விடாத மழை. எங்கள் லயத்துக்கும் சாலைக்கும் இடையே ஓர் ஓடை உண்டு. ஒருநாள் அதில் வெள்ளம் வந்துவிட, சுற்றுவழியே நடந்து ஒரு மணி நேரம் தாமதமாக வகுப்பில் நுழைந்தேன். காரணம் கேட்ட ஆசிரியரிடம், ஓடைக்கு மலையாளச் சொல் ‘தோடு’ என்பதை முயன்று நினைவுகூர்ந்து, “தோட்டில் வெள்ளம் வந்தது சார்” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. “தோட்டில் வெள்ளம் அல்லாமல் பாலா வரும்?” என்று கேட்டு ஆசிரியரும் சிரித்தார்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். நாம் வெள்ளம் என்பதை அவர்கள் வெள்ளப்பொக்கம் என்பார்கள். இது எனக்குத் தெரியாது. நான் கழுத்தளவு நீரைக் கண்டு திரும்பியது அவர்களுக்குத் தெரியாது. பிழை எவருடையதும் அன்று. ஆயினும் அந்த ஆண்டு முடியும் வரை நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டால்கூட, “போடிக்குப் பக்கம்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். எங்கள் பூர்விக ஊரின் பெயர் ‘பட்டி’ என்று முடியும். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். வீட்டில் இவற்றில் ஒன்றையும் நான் சொன்னதில்லை. கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்குத் தந்தையார் கடிந்துகொண்டார். புரியாத கணக்கைப் புரியவில்லை என்று சொல்ல வாய் வேண்டுமே!

பல ஆண்டுகள் கழித்து ஓர் அமெரிக்கப் படத்தைக் கண்டபோது இந்த நினைவு முழுவதும் திரும்பி வந்தது. ‘நெப்போலியன் டைனமைட்’ என்பது படத்தின் பெயர். வெளிவந்த ஆண்டு 2004. ஐடஹோ மாநிலத்தில் பிரெஸ்டன் என்ற சிறு விவசாய ஊரில், அவ்வூர்ப் பள்ளியிலேயே படித்த ஜாரெட் ஹெஸ் என்ற இளைஞர் ஏறத்தாழ 4 இலட்சம் டாலர் செலவில் எடுத்த படம் அது. அமெரிக்கக் கணக்கில் அது மிகச் சிறு தொகை. வசூலோ 4 கோடி டாலரைத் தாண்டியது. கதாநாயகன் நெப்போலியன் வாயைப் பாதி திறந்தபடி நிற்பான். பொய்ப் பெருமை பேசுவான். பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியே ஒரு பொம்மையைக் கயிற்றில் கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போவான். அவனை எவருக்கும் பிடிக்காது. முதல் அரை மணி நேரம் நமக்கும் பிடிப்பதில்லை.

என்னை ஈர்த்தவன் அவனல்லன். அவனுடைய நண்பன் பெட்ரோ. மெக்சிகோ நாட்டு ஹ்வாரஸ் நகரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த மாணவன். அதிகம் பேசமாட்டான். பேசினால் ஒரே தாளத்தில், முகம் மாறாமல் பேசுவான். இந்தப் பிள்ளை மாணவர் தலைவர் தேர்தலில் நிற்கிறான்! எதிரில் நிற்பவளோ பள்ளியே கொண்டாடும் பெண். தேர்தல் வேலையாகப் பெட்ரோ என்ன செய்கிறான் தெரியுமா? தன் நாட்டு வழக்கப்படி, காகிதத்தால் பொம்மை செய்து, உள்ளே மிட்டாய் நிரப்பித் தொங்கவிட்டுக் கோலால் அடித்து உடைக்கச் செய்கிறான். நம் ஊர் உறியடியைப் போன்றது அது. ஆனால் பொம்மைக்கு அந்தப் பெண்ணின் உருவத்தைக் கொடுத்துவிட்டான். தலைமையாசிரியர் அழைத்துக் கண்டிக்கிறார்: உங்கள் ஊரில் எப்படியோ, இங்கே மானம் என்று ஒன்று உண்டு என்பது அவர் பேச்சின் சாரம். பெட்ரோ விழிக்கிறான். பார்ப்பவர் சிரிக்கும் காட்சி இது, நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கையில், ‘தோட்டில் வெள்ளம்’ என்று யாரோ என் காதருகில் சொன்னதுபோல் இருந்தது.

புகழ்பெற்ற விமரிசகர் ராஜர் ஈபர்ட்டுக்கு இப்படம் பிடிக்கவில்லை. ஒட்டாத பிள்ளைகளைக் காட்டிக் கேலி செய்கிறார்கள் என்று குறைகூறியவர்கள் வேறு சிலரும் உண்டு. இக்குறையில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவுப் பகுதியை அவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. பெட்ரோ மேடையேறிச் சுருக்கமாகப் பேசி அமர்ந்துவிடுகிறான். பேச்சுக்குப் பின் வேட்பாளர் தரப்பில் ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்பது அங்கே விதி. பெட்ரோவிடம் ஒன்றும் இல்லை. அப்பொழுது, தன் அறையில் ஒளிந்து நடனம் பயின்ற நெப்போலியன், ஊரே பார்க்க மேடையில் தனியே ஆடுகிறான். தனக்காக ஆடவில்லை, வெளியூரிலிருந்து வந்த நண்பனுக்காக ஆடுகிறான். பெட்ரோ வெற்றி பெறுகிறான்.

வியப்பு என்னவென்றால், நம் பக்கத்துப் படமும் ஒரு பள்ளித் தேர்தலையே கதையாகக் கொண்டது. 2024 நவம்பரில் வெளிவந்த ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்னும் மலையாளப் படம் அது. இயக்கியவர் வினேஷ் விஸ்வநாத். ஏழாம் வகுப்பின் கடைசி வரிசைக் குறும்பன், ஆசிரியரின் செல்லப்பிள்ளையை எதிர்த்து நிற்கிறான். அப்படத்தில் வரும் இருக்கை முறையைக் கண்டு, கடைசி வரிசையே இல்லாதபடி 2025 இல் கேரளப் பள்ளிகள் சில பெஞ்சுகளைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டன. அவ்வாண்டு ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையும் ‘ப’ வடிவில் இருக்கைகளை அமைக்கச் சொல்லிற்று; கழுத்து வலிக்கும் என்ற எதிர்ப்பு எழவே அம்முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு சிரிப்புப் படம் இரு மாநிலத்து மரச்சாமான்களை அசைத்தது சிறு செய்தியன்று. ஆயினும் என் வகுப்பை ‘ப’ வடிவில் அமைத்திருந்தாலும், சிரித்தவர் அனைவரும் என் முகத்தை இன்னும் நன்றாகப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர்கள் இவ்விரு படங்களையும் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கலாம். சிரித்து முடித்தபின், “உன் வகுப்பில் உன்னுடைய எந்தச் சொல்லுக்குச் சிரித்தார்கள்?” என்று மெல்லக் கேளுங்கள். மதிப்பெண்ணைப் பிறகு கேட்கலாம்.

என் கதையில் பாக்கி ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், என் பெஞ்சில் இருந்த ஒரு கடைக்காரர் மகன், ஒருநாள் மாலை என்னோடு லயத்துக்கு வந்தான். ஓடை கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரம் பார்த்தான். “இதற்குத்தான் உங்கள் மொழியில் வெள்ளம் என்று பெயரா?” என்று கேட்டான். ஆம் என்றேன். மறுநாள் நாங்கள் இருவரும் தாமதமாகச் சென்றோம். ஆசிரியர் காரணம் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவன் எழுந்து நின்று சொன்னான்: “தோட்டில் வெள்ளம் சார். தமிழ் வெள்ளம்.”