புதுப் பாட்டும் பழகாத காதும்

மாணவர் இயற்றிய புதுப் பாட்டு மேடையேறும்போது, காது கேட்டு முடிப்பதற்குள் கண் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. எட்டயபுரம் அரசவையிலும் அப்படித்தான் நடந்தது. 1839இல் பிறந்த சுப்பராம தீட்சிதர் 17 வயதில் தர்பார் ராகத்தில் ஒரு வர்ணம் இயற்றினார். அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே சந்தேகம் வந்தது. வளர்த்த தந்தையும் குருவுமான பாலுசாமி தீட்சிதர் செய்து கொடுத்ததாக இருக்கும் என்றார்கள். யதுகுலகாம்போதியில் ஒரு ஜதிஸ்வரம் செய்யச் சொல்லி மன்னர் சோதித்தார். இளைஞர் செய்து காட்டினார். 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூலைத் தந்தவர் அவரே.

அந்த வயதில் தர்பாரை எடுத்ததே துணிச்சல். அதற்கு மிக நெருங்கிய ராகம் நாயகி. சுரங்கள் ஒன்றுதான், பிடிக்கும் விதம் வேறு. தர்பாரில் காந்தாரமும் நிஷாதமும் இரட்டித்து, நீண்டு நிற்கும். நாயகியில் அவை அப்படி நிற்பதில்லை, நடையும் சாவதானமானது. அந்த ஒரு காந்தாரத்தில் காதை வைத்துக் கேட்டவருக்கு, இயற்றியவரின் வயதை விசாரிக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

கேட்டுப் பழகிய கீர்த்தனையில் அடுத்த அடி மனத்தில் தயாராக இருக்கும். புதுப் பாட்டில் அந்தத் துணை கிடையாது. ஆகவே முதல் முறை தாளம் போட்டுக்கொண்டு கேட்பதே போதும்: எடுப்பு சமத்திலா, தள்ளியா, அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடம் இயல்பாக வந்து சேர்கிறதா, இடிக்கிறதா. இரண்டாம் முறை சாகித்தியம்: சொல் பொருள் கெடாமல் நிற்கிறதா, தாளத்துக்காக நடுவில் உடைகிறதா. சொல் இப்படி உடைவதை யாப்பில் வகையுளி என்பார்கள். ‘தாமரை’ என்ற சொல்லில் ‘தா’வை நீட்டி, மூச்சு வாங்கி, ‘மரை’ என்று தொடர்ந்தால் பூவைக் குறித்த சொல் மானைக் குறிக்கும்.

சுப்பராம தீட்சிதர் 1906இல் மறைந்தபோது இரங்கற்பா பாடியவர் பாரதி. 1908இல் புதுச்சேரிக்கு வந்து பத்தாண்டுகள் வாழ்ந்த அவர், தம் பாடல்கள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் தாமே குறித்தவர். பழைய கீர்த்தனைகளைக் கற்பது அவசியம். ஆனால் பொருள் விளங்காத மொழிகளில் பழம் பாட்டுகளையே திரும்பத் திரும்பக் கேட்டால் தமிழர் இசையறிவை இழப்பர் என்று எழுதியவரும் அவரே. அவர் பெயரைத் தாங்கிய புதுச்சேரி அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் அரியாங்குப்பத்தில் இசை கற்பிக்கிறது. அங்கு படிப்பவர் ஒரு கீர்த்தனை செய்து கொண்டுவந்தால் அதற்கு முதல் காது புதுச்சேரியுடையது.

பாட்டு முடிந்ததும் “நல்லா இருந்துச்சு” என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மாணவர் எதைத் திருத்துவார்? “சரணத்தின் இரண்டாம் அடியில் நாயகியின் சாயல் விழுகிறது” என்று சொன்னால், அன்றிரவே அந்த இடத்தைப் பத்து முறை பாடிப் பார்ப்பார். ஆனால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அப்படிச் சொல்வது பழகிய ரசிகருக்கே அரிது. மாணவர் அரங்கில் ஆறு பாட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் மூன்று பாட்டை வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாடச் செய்தால் அது எல்லாருக்கும் கைகூடும்.