குற்றவியல் நடைமுறைச் சட்டம் வளர்ந்த வரலாறு
(நாராயணவனத்தில் மாணவர்கள், அரசு அலுவலர்கள் முன் நிகழ்த்திய உரை)



எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று கூறுவது தண்டனைச் சட்டம். குற்றவாளி என்று ஐயுறப்படுபவரை அரசு எவ்வாறு நடத்தலாம் என்று வரையறுப்பது நடைமுறைச் சட்டம். குடிமகனின் அன்றாட உரிமை பெரிதும் இரண்டாவதையே சார்ந்திருக்கிறது.

நாராயணவனம் இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 1911 வரை இப்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதியாகவும், 1953 வரை சென்னை மாகாணத்தின் பகுதியாகவும் இருந்தது. ஆகவே சென்னையின் சட்ட வரலாறு இவ்வூரின் வரலாறுமாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி அரசு அமைத்த நான்கு பிராந்திய நீதிமன்றங்களுள் ஒன்று அருகிலுள்ள சித்தூரில் இயங்கிற்று. அதன் நீதிபதிகள் ஊர் ஊராகச் சுற்றிக் கடுங்குற்ற வழக்குகளை விசாரித்தனர். 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கிராமத் தலைவருக்கும் சில காவல் கடமைகளை அளித்தது.

ஆனால் வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்தமையால் கொடுமை விளைந்தது. சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த சித்திரவதை பற்றி விசாரித்த குழு 1855இல் அறிக்கை தந்தது. வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் மக்கள் வதைக்கப்பட்டதை அது வெளிப்படுத்தியது. 1859இல் சென்னைக் காவல் சட்டம் பிறந்தது. 1861இல் இயற்றப்பட்ட முதல் குற்றவியல் நடைமுறைத் தொகுப்பு, காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று விதித்தது. இன்றைய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி நிலைத்துள்ளது.

1872இல் தொகுப்பு திருத்தியமைக்கப்பட்டது. மாநகரங்களையும் உள்ளடக்கிய ஒரே தொகுப்பு 1882இல் வந்தது. அடுத்து வந்த 1898ஆம் ஆண்டுத் தொகுப்பு முக்கால் நூற்றாண்டு நிலைத்தது. எனினும் அதன் கீழ் மாவட்ட ஆட்சியரே மாவட்ட நடுவராகவும் விளங்கினார். நீதித்துறையை நிர்வாகத்தினின்று பிரிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 50ஆம் விதி பணித்தது. சட்ட ஆணையத்தின் 41ஆம் அறிக்கையை ஒட்டி இயற்றப்பட்ட 1973ஆம் ஆண்டுச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, அப்பிரிவினையை நாடெங்கும் உறுதிப்படுத்தியது. அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்புவிக்குமுன் நடுவர் சாட்சிகளை விசாரிக்கும் முறையைக் கைவிட்டது. முன்ஜாமீனுக்கும் வழிசெய்தது.

இருப்பினும் ஏட்டில் உள்ள உரிமை தானே சிறைக்கதவைத் திறப்பதில்லை. தண்டிக்கப்பட்டிருந்தால் அனுபவித்திருக்கக்கூடிய காலத்தையும் கடந்து, விசாரணைக் கைதிகள் பலர் பீகார்ச் சிறைகளில் கிடந்தனர். 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், விரைவான விசாரணை 21ஆம் விதி தரும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பிலுள்ளது. எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். சோதனையை ஒளி-ஒலிப் பதிவு செய்ய வேண்டும். வாதம் முடிந்த 30 நாட்களுக்குள், காரணம் இருப்பின் 45 நாட்களுக்குள், தீர்ப்பு வழங்க வேண்டும் என்பன அதன் கூறுகள்.

தகவல், புலனாய்வு, குற்றப்பத்திரிகை, குற்றச்சாட்டு வனைதல், சாட்சி விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு ஆகியவை வழக்கின் படிகள். ஒவ்வொரு படியிலும் அதிகாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. அலுவலர்கள் அவ்வெல்லையைக் காப்பதும், மாணவர்கள் அதனை அறிந்து பிறருக்கு உணர்த்துவதும் கடமையாகும்.