வளன் என்னும் பெயர்



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் எண்ணி எண்ணி வியக்கும் சொல் ஒன்று உண்டு. அது 'வளன்' என்பது. 1680-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்து, இயேசு சபைத் துறவியாய்த் தமிழகம் போந்த வீரமாமுனிவர், தம் தேம்பாவணிக் காப்பியத் தலைவராகிய புனித சூசையப்பருக்கு இட்ட பெயர் அது. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரில் பெருகுதல் என்னும் பொருள் அடங்கியுள்ளது. முனிவர் ஒலியோடு நில்லாது பொருளையும் தமிழாக்கினார்.

3,615 பாடல்கள் கொண்ட அந்நூல், தமிழ் மரபின்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடித் தொடங்குகிறது. யூதேயா அங்கே மருத நிலத்தின் பொலிவோடு விளங்குகிறது. நீரிலும் அப்பத்திலும் எண்ணெயிலும் இறையருளைக் காண்பது கத்தோலிக்க நெறி. அந்நெறியில் வளர்ந்த உள்ளம் தமிழ் வயலிலும் அவ்வருளைக் கண்டது இயல்பே.

நிகண்டுகளை மனப்பாடம் செய்து சொற்பொருள் அறிந்த நாளில், 1732-இல், அகர வரிசையில் சதுரகராதியைத் தொகுத்து மாணாக்கர் சுமையையும் அவர் குறைத்தார்.

வேற்று மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளோ கடைவீதிக்கு ஒரு மொழியும் வீட்டுக்கு ஒரு மொழியுமாகப் பேசி, இரண்டிலும் ஆழம் காணாதிருக்கின்றனர். தமிழில் ஒரு நூலும், வாழும் ஊரின் மொழியில் ஒரு நூலும் அவர்களோடு அமர்ந்து பயில்வோமாக.